உருதுச் சொற்கள் மனதில் நிற்கவில்லையா?

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பட்டியலை ஓரமாக வையுங்கள். வக்கீல், வசூல், ரசீது, நகல், பாக்கி எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உருதுதான். ஆனால் சில சொற்களின் பொருள் மாறும்: தமிழில் 'சவால்' என்றால் அறைகூவல், உருதுவில் கேள்வி. அதற்கான பதில் 'ஜவாப்'. (நானும் இதில் சறுக்கியிருக்கிறேன்.)

அப்புறம், சொற்களைக் குடும்பமாகப் பிடியுங்கள். 'இல்ம்' அறிவு, 'ஆலிம்' அறிஞர், 'தாலீம்' கல்வி, 'மாலூம்' தெரிந்தது. நான்குக்கும் ஒரே அரபு வேர்: ஐன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துகள். உருது எழுத்தில் பார்த்தால் இந்த மூன்றும் பளிச்சென்று தெரியும்; அதனால் எழுத்தையும் சேர்த்தே கற்பது நல்லது.

'கல்' மட்டும் கொஞ்சம் வம்பு. நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று சொல்ல முடியும்.