உதட்டில் நீல வீக்கம்: கத்தியா, ஊசியா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பிறந்ததிலிருந்தே கீழுதட்டில் நீல வீக்கம். குனிந்தால் புடைக்கிறது, அமுக்கினால் வற்றுகிறது. ஒரு டாக்டர் உடனே வெட்டி எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் ஊசி என்கிறார். எது சரி?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சிரைகளின் பிறவிக் கோளாறுக்குப் பொருந்துகின்றன. இது புற்றுநோய் அல்ல. டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்), எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுக்காமல் கத்தி வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளியே நெல்லிக்காய் அளவு தெரிவது, உள்ளே கன்னத் தசைவரை ஓடியிருக்கலாம்.

பெரிய வீக்கமென்றால் ஊசியே முதலில். நேரே வெட்டினால் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், எல்லை தெரியாது. 3% சோடியம் டெட்ராடெசைல் சல்பேட் என்ற மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு. இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளி நுரையாக்கி, ஸ்கேனில் பார்த்தபடி ஏற்றுவார்கள். சிரையின் உள்சுவர் புண்ணாகி, ரத்தம் உறைந்து, குழாய் சுருங்கும். முதல் வாரம் உதடு இன்னும் வீங்கும், பயப்பட வேண்டாம். தோல் கறுத்தாலோ கொப்புளித்தாலோ அன்றே காட்டுங்கள். 6 முதல் 8 வார இடைவெளியில் சில முறை தேவைப்படும்.

மிஞ்சுவதற்குத்தான் அறுவை. உதட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குவரை எடுத்தால் நேராகவே தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் பக்கத்துத் திசுவை நகர்த்தி மூட வேண்டும். உதட்டுச் சிவப்பும் தோலும் சந்திக்கும் கோட்டை, மரத்துப்போகும் ஊசிக்கு முன்பே நீல மையால் குறித்துவிட வேண்டும். ஊசி போட்டபின் உதடு உப்பி வெளுத்துவிடும், கோடு பிடிபடாது. அந்தக் கோடு 1 மி.மீ. பிசகினாலும் எதிரே நிற்பவர் கண்ணில் படும். தசையைத் தனியாகத் தைக்காவிட்டால் அந்த இடத்தில் பள்ளம் விழும். புதுச்சேரி ஜிப்மரின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டலாம்.

கேள்வி: தம்பிக்குக் காதில் துடிக்கும் வீக்கம். ரத்தம் கொண்டுவரும் தமனியை மட்டும் கட்டிவிட்டால் போதாதா?
- வாசகர், வில்லியனூர்

பதில்: கூடவே கூடாது. துடிக்கிறது என்றால், தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட கோளாறாக இருக்கலாம். கட்டினால் சுற்றியுள்ள தமனிகள் பெருத்து, வீக்கம் முன்னைவிட வேகமாக வளரும். கதீட்டர் (மெல்லிய குழாய்) விட்டு அடைப்பதற்கான வழியும் மூடிப்போகும். பின்னால் தொடையிலிருந்து திசு எடுத்து வைக்க நேர்ந்தால், அதை இணைக்க வேண்டிய தமனியும் போயிருக்கும். முறையான வழி: கதீட்டர் மூலம் வீக்கத்தின் மையத்தை அடைத்து, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் முழுவதும் அகற்றுவது. மிச்சம் வைத்தால் திரும்ப வரும். முதல் ஆஞ்சியோகிராம் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஒப்பிட அவைதான் தேவை.