டைட்டனின் கடுங்குளிரில் வேதிவினைகள் எப்படி நடக்கின்றன?

கேள்வி: சனிக் கோளின் நிலவான டைட்டனின் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், அடுத்தது மீத்தேன். இரண்டுமே எளிதில் வினைபுரியாதவை, அங்கே குளிரோ மிகக் கடுமை. அப்படியிருக்க, அந்த நிலவை மூடியிருக்கும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டத்துக்கான கரிமப் பொருட்கள் எப்படி உருவாகின்றன?

பதில்: நைட்ரஜன் மூலக்கூறின் இரு அணுக்களையும் ஒரு முப்பிணைப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. அம்மோனியா தயாரிக்கும் ஆலைகளில் அதைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், உயர் அழுத்தமும், இரும்பு வினையூக்கியும் தேவைப்படுகின்றன. டைட்டனின் தரைக்கு 1,000 கிலோமீட்டர் மேலே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ். அங்கே வெப்பத்தால் ஆகாத வேலையைச் சூரியனின் ஆற்றல் மிகுந்த புற ஊதாக் கதிர்களும், சனியின் காந்தமண்டலத்திலிருந்து வந்து மோதும் எலக்ட்ரான்களும் செய்கின்றன. அவை நைட்ரஜன் மூலக்கூறைத் தனி அணுக்களாக உடைக்கின்றன, அல்லது அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து அயனியாக்குகின்றன.

அப்படி உருவான ஒரு நைட்ரஜன் அயனியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். மீத்தேன் மூலக்கூறு ஒன்று அருகில் வந்ததும், அயனியின் நேர்மின்சுமை அந்த மூலக்கூறின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் சாய்த்து, அதையே தன்னை நோக்கி இழுத்துக்கொள்கிறது. மோதலில் மீத்தேன் சிதைந்து, ஒரு ஹைட்ரஜன் அணுவை இழந்து நேர்மின்சுமை கொண்ட துண்டான மெத்தில் அயனி பிறக்கிறது. அது இன்னொரு மீத்தேனுடன் சேர்ந்து, ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டு, இரு கார்பன் கொண்ட எத்தில் அயனியாகிறது. தாண்ட வேண்டிய ஆற்றல் தடை எதுவும் இல்லாததால் இத்தகைய வினைகளைக் குளிர் தடுப்பதில்லை. உங்கள் கேள்விக்கான விடையின் மையம் இதுதான். எத்தில் அயனி தன் புரோட்டான் ஒன்றை ஹைட்ரஜன் சயனைடுக்குக் கொடுத்துவிட்டு எத்திலீனாக மாறுகிறது. அந்த ஹைட்ரஜன் சயனைடு, தனி நைட்ரஜன் அணுக்கள் மெத்தில் தனி உறுப்புகளுடன் (மீத்தேன் உடைந்து கிடைக்கும், இணை சேராத எலக்ட்ரான் கொண்ட மின்சுமையற்ற துண்டுகளுடன்) வினைபுரிவதால் முன்பே உருவானது.

மின்சுமையற்ற தனி உறுப்புகளின் கதை சற்று வேறு. இரண்டு மெத்தில்கள் இணைந்தால் ஈத்தேன் கிடைக்கும். ஆனால் இணையும்போது வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவது மூலக்கூறு ஒன்று அருகில் இல்லாவிட்டால் அவை பெரும்பாலும் மீண்டும் பிரிந்துவிடும். ஆகவே ஈத்தேன் காற்று அடர்ந்த கீழடுக்குகளில்தான் பெருமளவில் உருவாகிறது.

2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலம் டைட்டனின் மேல் அடுக்கையே ஊடுருவிப் பறந்தபோது, ஹைட்ரஜன் அணுவைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு நிறையுள்ள எதிர்மின் அயனிகளைக் கண்டறிந்தது. அவ்வளவு மெல்லிய காற்றில் அத்தனை பெரிய மூலக்கூறுகளை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. புகைமூட்டத்தின் விதைகள் இவையே எனக் கருதப்படுகிறது. கீழிறங்கும்போது இவை ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துத் துகள்களாகின்றன.

இவ்வினைகளில் வெளிப்படும் ஹைட்ரஜன், மிக இலேசானது என்பதால், டைட்டனின் வலுவற்ற ஈர்ப்பை மீறி விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. எனவே சிதைந்த மீத்தேன் முழுவதும் மீண்டும் மீத்தேனாக வழியில்லை. உள்ளிருந்து புதிதாக ஊறாவிட்டால், இப்போதுள்ள இருப்பு சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும்.