இடைத்தரிப்பில் இறங்கிய பயணிக்காகப் பேருந்து காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவுப் பேருந்தில் சென்ற என் அம்மா, புத்தளத்துக்கு அண்மையில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது மலசலகூடம் சென்று திரும்புவதற்குள் பேருந்து புறப்பட்டுவிட்டது. பையும் நீரிழிவு மாத்திரைகளும் அதிலேயே போய்விட்டன. சாரதி காத்திருந்திருக்க வேண்டாமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: காத்திருந்திருக்க வேண்டும். கொழும்பு வரைக்கும் கட்டணம் வாங்கி ஆசனமும் ஒதுக்கியவர்கள், தாங்கள் தெரிந்தெடுத்த கடையில் இறக்கிவிட்ட பயணி திரும்பி ஏறினாரா என்று பார்க்கவும் கடமைப்பட்டவர்கள். எண்ணிப் பார்ப்பது நடத்துநரின் வேலை. அவர் எண்ணிச் சொல்லும்வரை பேருந்தை எடுக்காமலிருப்பது சாரதியின் வேலை. வாசலில் நின்று "எல்லாரும் ஏறியாச்சோ?" என்று குரல் கொடுப்பதை எண்ணிக்கையாகக் கொள்ள முடியாது. வராதவர் பதில் சொல்லமாட்டார். பக்கத்து ஆசனக்காரரோ போர்வைக்குள் நித்திரையாக இருப்பார். வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் வாங்க இறங்குபவர் பெரும்பாலும் கண்ணெதிரே நிற்பதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு. நள்ளிரவுச் சாப்பாட்டுக் கடைதான் ஆபத்தான இடம்.

ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதே பேருந்தில் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையின் காலைக் கிளினிக்குக்குச் செல்லும் நோயாளியும், கட்டுநாயக்காவில் விமானம் ஏற வேண்டியவரும் இருக்கக்கூடும் என்பதால், வரும்வரை நிற்கட்டும் என்று நான் சொல்லமாட்டேன். அறிவித்த நேரம் முடிந்தபின் பத்து நிமிடம் நியாயமானது என்பது என் கருத்து. அந்தப் பத்து நிமிடமும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருப்பதற்கல்ல. மலசலகூடப் பக்கம் ஆளனுப்பிப் பார்ப்பதற்கும், ஆசனப் பதிவில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைப்பதற்குமே. மூன்று பேருந்துகள் ஒன்றாக வந்து நிற்கும் இடத்தில் பெண்கள் வரிசையில் நிற்கும் நேரத்தை, ஆறுதலாக இரண்டாவது தேநீர் குடிப்பவரின் தாமதத்தோடு சேர்த்துப் பார்ப்பது அநியாயம். அதன்பின்னும் ஆளைக் காணாவிட்டால், பையைக் கடைக் காசாளரிடம் ஒப்படைத்து, பின்னால் வரும் யாழ்ப்பாணப் பேருந்தின் நடத்துநருக்குச் சொல்லிவிட வேண்டும். இரவில் இத்தகைய பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதால், ஒரு தொலைபேசி அழைப்பிலேயே இதைச் செய்துவிடலாம்.

அடுத்த முறை அம்மா இறங்கும்போது கைத்தொலைபேசியையும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். தாமதமாகும் என்று நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லட்டும். ஒரே நிறத்தில் இரண்டு பேருந்துகள் நிற்பதுண்டு. ஆகவே இலக்கத் தகட்டைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. தப்பித்தவறி விடுபட்டால் வீதியோரம் நிற்காமல் கடைக்குள்ளேயே இருந்து, பற்றுச்சீட்டிலுள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டும். வழமையாக அங்கே நிறுத்தும் பேருந்தென்றால் நடத்துநரின் எண் காசாளரிடமும் இருக்கக்கூடும். தனித்து நின்று பயமாக இருந்தால் 119 பொலிஸ் அவசர எண்.

முறைப்பாட்டைப் பொறுத்தவரை, மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் பேருந்துக்கு அனுமதி வழங்குவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அதன் முறைப்பாட்டு எண் 1955. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பேருந்தாயின் உரிய டிப்போவுக்கு எழுதுங்கள். திகதி, பேருந்து இலக்கம், நிறுத்திய இடம், புறப்பட்ட நேரம் ஆகியவற்றோடு பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்து, மாற்றுப் பேருந்துக்குச் செலவான தொகையையும் குறிப்பிடுங்கள்.