புதிதாக வாங்கிய பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை) கையை நீட்டினாலே சீறிக் கொத்த வருகிறது. எப்படிப் பழக்குவது?

அது கோபமில்லை, பயம். கழுத்தை எஸ் போல வளைத்துச் சீறினால் தற்காப்பு. சத்தமில்லாமல் நாக்கை நீட்டியபடி கையைப் பின்தொடர்ந்தால் இரை என்று நினைக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

பயந்த பாம்பை முதல் ஒரு வாரம் தொடவே வேண்டாம். இரண்டு முறையாவது ஒழுங்காகத் தின்ற பிறகு ஆரம்பியுங்கள். பெட்டியின் சூடான பக்கம் 31-33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25-27, இரண்டிலும் உடல் உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம். பெரும்பாலும் பாதிச் சீற்றம் இதிலேயே அடங்கிவிடும்.

கையை இரை என்று நினைக்கும் பாம்புக்குக் கொக்கிப் பழக்கம்தான் வழி (கொக்கி என்பது பாம்பைக் கையாளும் நீண்ட வளைந்த கம்பி). பெட்டியைத் திறந்ததும் கொக்கியால் உடலின் நடுப்பகுதியை மெல்லத் தடவுங்கள். கொக்கி பட்டால் உணவு இல்லை என்று கற்றுக்கொள்ளும். இரையை எப்போதும் நீண்ட இடுக்கியால் கொடுங்கள். எலி வாடை போகக் கையைக் கழுவாமல் தூக்கினால் கடிபட வாய்ப்பு அதிகம்.

தூக்கும்போது மேலிருந்து கை வரக்கூடாது, பருந்து நினைப்பு வந்துவிடும். பக்கவாட்டில் சென்று நடு உடலைத் தாங்குங்கள். தலையைப் பிடிக்காதீர்கள். முதலில் 5 நிமிடம், வாரம் இரண்டு மூன்று முறை. அது தளர்ந்திருக்கும்போதே திரும்ப விடுங்கள். தின்ற 48 மணி நேரத்துக்குள்ளும், கண் மங்கிச் சட்டை உரிக்கும் நாட்களிலும் தொடாதீர்கள்.

கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, தோல் கிழியும், பாம்பின் பல்லும் முறியும். வாயருகே குளிர்ந்த நீர் ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

சாதுவாக இருந்த பாம்பு திடீரென மாறினால் பழக்குவதை நிறுத்திவிட்டு, செதில்களுக்கிடையே உண்ணி இருக்கிறதா, வாயில் புண்ணா என்று பாருங்கள்.