சேலத்து மகளிர் கல்லூரிகளில் டென்னிஸ் டீம் ஏன் பெயருக்கு மட்டும் இருக்கிறது? அதில் சேரலாமா?

தங்கை சேலத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், விளையாட்டுப் பட்டியலில் டென்னிஸ் என்று போட்டிருக்கிறது, போய்ப் பார்த்தால் கோச்சும் இல்லை பந்தும் இல்லை, இதில் சேர்ந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஊரில் அப்படி ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தபோது டீமில் இருந்தேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. சொல்லாவிட்டாலும் நாலு கல்லூரிக்காரர்கள் "எங்க கதைதானே இது" என்று வந்து நிற்பார்கள்.

பந்திலிருந்து ஆரம்பிக்கிறேன். டென்னிஸ் பந்தின் உள்ளே காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். டப்பாவைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் வரும். அந்த நிமிடத்திலிருந்து அழுத்தம் இறங்க ஆரம்பித்துவிடும், நீங்கள் ஆடினாலும் சரி, பீரோவில் வைத்துப் பூட்டினாலும் சரி. 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்டால் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. எங்கள் பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட்டால் முழங்காலுக்கு வருவதே பெரிய விஷயம். பெரிய போட்டிகளில் முதல் ஏழு கேமுக்கு அப்புறம், பிறகு ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும் பந்தை மாற்றிவிடுகிறார்கள். எங்களுக்கோ ஜூலையில் வாங்கிய பந்து பொங்கல் வரை வந்தாக வேண்டும். மூன்று பந்து உள்ள சுமாரான டப்பாவே இன்றைக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய் ஆகிறது.

ஒரு வருடம் எங்கள் பி.டி. மேடம் பந்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று கொட்டேஷன் வாங்கினார்கள், விலை குறைவாகப் போட்டவருக்கு ஆர்டர் போனது, அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. ஆசையாகப் பிரித்தால் உள்ளே அத்தனையும் கிரிக்கெட் டென்னிஸ் பால். தெருவில் பையன்கள் அடிப்பார்களே, அந்தக் கனமான பந்து. பில்லில் "டென்னிஸ் பால்" என்றுதான் இருந்தது, ஆகவே ஆபீஸில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. பந்து பந்துதானே என்று அதை வைத்து சர்வீஸ் போட்டுப் பார்த்த சீனியர் அக்காவுக்கு மறுநாளே தோள் பிடித்துக்கொண்டது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஆசிரியைகளுக்கு நடத்திய மகளிர் தின கிரிக்கெட் மேட்ச் மட்டும் அந்த வருடம் அமர்க்களமாக நடந்தது.

இதில் பி.டி. மேடத்தைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஒரு வாலிபால் வாங்கிப் போட்டால் பன்னிரண்டு பேர் வருஷம் பூரா ஆடுவார்கள். கபடிக்கு அதுகூட வேண்டாம். டென்னிஸ் கோர்ட் என்றால் சுற்றிலும் ஓட இடம் சேர்த்து 120 அடிக்கு 60 அடி வேண்டும், அதில் ஒரே நேரத்தில் ஆடுவது அதிகபட்சம் நாலு பேர். அதே இடத்தில் பெண்கள் கபடிக் களம் இரண்டைத் தாராளமாகப் போட்டுவிடலாம். வருடக் கடைசியில் எத்தனை கப், எத்தனை மாணவிகள் கலந்துகொண்டார்கள் என்று கணக்குக் கேட்பார்கள். அந்தக் கணக்கில் டென்னிஸ் எப்போதும் கடைசி பெஞ்ச்தான். நான் பி.டி.யாக இருந்திருந்தாலும் கபடிக்குத்தான் முதலில் எழுதியிருப்பேன்.

ஆனால் டென்னிஸுக்குக் காசே வராது என்றும் சொல்ல முடியாது. வரும், ஒரே தடவை மொத்தமாக வரும். நான் படித்தபோது எங்களுக்கு மண் கோர்ட். தண்ணீர் தெளித்து, ரோலர் உருட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு அழகாக வைத்திருப்போம். ஆண்டு விழாவுக்குப் பந்தல் கால் நட கோர்ட்டைவிட வசதியான இடம் கிடைக்காது என்று அதில்தான் குழி தோண்டுவார்கள். விழா முடிந்தபின் குழியைத் தள்ளிவிட்டு மூடுவார்கள், பந்து அதில் விழுந்தால் எந்தப் பக்கம் எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. நான் படிப்பை முடித்த பிறகு யாரோ நன்கொடை கொடுத்து, நீலமும் பச்சையுமாக சிந்தெடிக் கோர்ட் வந்துவிட்டது. திறப்பு விழா, கல்வெட்டு, சிறப்பு விருந்தினர் ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு போட்டோ எல்லாம் உண்டு. பந்து வாங்கவும் ராக்கெட்டின் ஸ்ட்ரிங் மாற்றவும் மாதாமாதம் இவ்வளவு என்று ஒரு வரி மட்டும் பட்ஜெட்டில் இல்லை. பந்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாதே! மகளிர் டென்னிஸ் திணறுவதற்கு முக்கியக் காரணமாக நான் நினைப்பது இதைத்தான். விளக்கும் போடவில்லை. சேலத்து வெயிலில் மூன்று மணிக்கு அந்த நீலத் தரையில் நின்று பாருங்கள், ஷூ வழியாகவே சூடு ஏறும். வெயில் தாழ்ந்து ஆடலாம் என்றால் அதற்குள் இருட்டிவிடும்.

இருட்டும் வரை காத்திருக்கவும் பெண்களால் முடியாது. ஆத்தூர், எடப்பாடி, மேச்சேரி என்று தினம் வந்து போகிறவர்கள்தான் பாதிப் பேர். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது பெரிய உதவிதான், ஆனால் ஆத்தூர் போகும் புறநகர் பஸ்ஸுக்கு அது செல்லாது. பிராக்டிஸ் முடித்துப் புது பஸ் ஸ்டாண்டு போய் ஊர் சேர எட்டு மணி ஆனால் வீட்டில் ஒரு கேள்வி, வெயிலில் கறுத்துப் போய் வந்தால் இன்னொரு கேள்வி. ஹாஸ்டல் பிள்ளைகள்தான் டீமைத் தாங்கிப் பிடிப்பார்கள்.

அப்புறம் ஸ்ட்ரிங். டென்னிஸ் ராக்கெட்டை ஐம்பது, அறுபது பவுண்டு இழுவையில் கட்டுவார்கள். ஷட்டில் பேட்டுக்கு அதில் ஏறத்தாழப் பாதிதான். எங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது ஷட்டில் பேட் கட்டும் கடைதான். கடை அண்ணன் நல்ல மனிதர், "இதுக்கு மேல இழுத்தா என் மிஷின் போயிடும் பாப்பா" என்று முப்பதோடு நிறுத்திக் கொடுத்தார். தளர்ந்த ஸ்ட்ரிங்கில் பந்து கட்டுக்கு அடங்காமல் பறக்கும். முதல் ஃபோர்ஹேண்டே காம்பவுண்டைத் தாண்டி ரோட்டில் நின்ற ஆட்டோவில் விழுந்தது. அதிலும் ஒரு நன்மை உண்டு. தளர்வாகக் கட்டினால் கைக்கு வலி குறைவு என்பார்கள், எங்கள் செத்த பந்துக்கு அது சரியாகவே இருந்தது.

ஆடுகிறவர்கள் யார் என்று கேட்டால், டென்னிஸ் தெரிந்து வருகிறவள் ஒருத்தி இருந்தால் அது நல்ல வருடம். மற்றவர்கள் ஷட்டிலிலிருந்தும், பால் பேட்மிண்டன் எனும் பூப்பந்திலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள். ஷட்டில்காரிகள் மணிக்கட்டைச் சுண்டிச் சுண்டி நெட்டில் அடிப்பார்கள். பூப்பந்து ஆடினவர்கள் நெட் அருகே பிரமாதம், பந்தைக் கீழே விழவே விடமாட்டார்கள். கீழே விழ விடலாம், ஒரு தடவை எழும்பிய பிறகும் அடிக்கலாம் என்று அவர்களை நம்ப வைக்கவே ஒரு செமஸ்டர் போய்விடும். நிஜமாகவே நன்றாக ஆடும் பெண்கள் எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு வருவதே இல்லை. 1998-இல் ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை ஜெயித்து, 1968-இல் தொடங்கிய ஓபன் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியப் பெண் ஆன நிருபமா வைத்தியநாதன் கோயம்புத்தூர்க்காரர். 2025-இல் பதினைந்து வயதில் மும்பை ஓபன் அரையிறுதி வரை போன மாயா ராஜேஷ்வரனும் அதே ஊர். சேலத்திலிருந்து காலையில் ரயில் ஏறிப் போய் மாலையில் திரும்பிவிடும் தூரம்தான். இங்கே ஒரு பெண் கொஞ்சம் தேறினாள் என்றால் வீட்டில் வசதி இருந்தால் அங்கே, இல்லையேல் சென்னை. இன்னும் தேறினால் அமெரிக்கக் கல்லூரி.

அமெரிக்கா என்றதும் அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அரசு நிதி வாங்கும் கல்விக்கூடங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தின் தயவால் பெண்கள் விளையாட்டுக்கு இடம் கிடைத்தது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவில் உள்ள கல்லூரிகளில் ஒரு பெண்கள் டென்னிஸ் டீமுக்கு எட்டு முழு உதவித்தொகை வரை தரலாம் என்று நீண்ட காலம் விதி இருந்தது, ஆண்கள் டீமுக்கு நாலரைதான். ஆனால் 2020 கொரோனாவில் பட்ஜெட் இடித்தபோது பல கல்லூரிகள் இழுத்து மூடிய டீம்களில் டென்னிஸும் இருந்தது. டிக்கெட் விற்காத ஆட்டத்துக்கு எந்த ஊரிலும் இதே கதிதான் போலும்.

சரி, ஒரு சந்தோஷமான விஷயம். ஒரு தடவை ஏற்காட்டில் ஒரு ஸ்கூல் டீமோடு நட்பு மேட்ச் ஆடப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிப் பாதிப் பேர் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப் போய் இறங்கினோம். அங்கேயும் பந்துத் தட்டுப்பாடு, எங்கள் பழைய பந்தை எடுத்துப் போட்டோம். என்ன அதிசயம், கீழே செத்துக் கிடந்த பந்து மலை மேல் துள்ளுகிறது! ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பந்து இறுக்கமாகிவிடும், காற்று லேசாக இருப்பதால் வேகமாகவும் போகும். 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்று தனிப் பந்தே சர்வதேச விதியில் உண்டு. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது, எங்கள் ஷாட் எல்லாம் பின் கோட்டைத் தாண்டிப் போய் நன்றாகத் தோற்றோம். எங்களை ஜெயித்த பிள்ளைகள் பத்தாவது படிக்கிறவர்கள் வேறு.

இப்போது உங்கள் தங்கை விஷயம். சேரட்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, காரணம் கொஞ்சம் சுயநலமானது. டென்னிஸுக்கு டீம் அனுப்பும் மகளிர் கல்லூரிகள் குறைவு. எங்கள் காலத்தில் பெயர் கொடுத்ததுமே அரையிறுதி என்ற நிலைமை, ஒரு சிங்கிள்ஸும் ஒரு டபுள்ஸும் ஜெயித்தால் ஃபைனல். கபடியில் யுனிவர்சிட்டி டீமுக்குள் நுழைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நாலு மாவட்டப் பெண்களோடு முட்டி மோத வேண்டும். டென்னிஸில் அவ்வளவு கூட்டம் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் ஆடினால் கிடைக்கும் ஃபார்ம் 3 சான்றிதழ் அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும். வீட்டில் கேள்வி வந்தால் இதைச் சொல்லச் சொல்லுங்கள், வெயிலில் கறுக்கிற பேச்சு அத்தோடு நிற்கும்.

பந்துக்கு ஊரில் உள்ள டென்னிஸ் கிளப்பில் உறுப்பினர்களோடு ஆடிக் கொடுக்கும் ஊழியரான மார்க்கர் அண்ணனைப் பிடிக்கலாம். கிளப் உறுப்பினர்கள் சில செட் ஆடிவிட்டு ஒதுக்கும் பந்து நமக்குப் புதுப் பந்து மாதிரிதான். அது கிரிக்கெட் பையன்களுக்குப் போவதற்கு முன்னால் போய்க் கேட்க வேண்டும், மேடம் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று இருந்தால் கூச்சமில்லாமல் கேட்கலாம். காற்றழுத்தம் இல்லாத பிராக்டிஸ் பந்து என்று ஒன்று கிடைக்கிறது, மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் கனம், முழங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோச் இல்லாத நாளில் ஏதாவது வெறும் சுவரில் மூன்றடி உயரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள், நெட்டின் நடு உயரம் அதுதான். என் பேக்ஹேண்ட் கெமிஸ்ட்ரி லேப் பின்சுவரில் கற்றது. உள்ளே டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தவர்களிடம் வாங்கிய திட்டும் சேர்த்துத்தான்.

போட்டிக்குப் போகும்போது கைச்செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் பி.டி. மேடம்தான் முதலில் தன் கையிலிருந்து போடுவார், பில் பாஸாகி அவருக்குத் திரும்பி வர மாதங்கள் ஆகும். ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தைப் போட்டிக்கு முன்பே வாங்கி ஒவ்வொரு துறை ஆசிரியையிடமும் காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அட்டெண்டன்ஸில் இடிக்கும். யுனிவர்சிட்டி செலக்ஷன் தேதி பெரும்பாலும் திடீரென்றுதான் வரும். பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட தகுதிப் படிவம், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, இதெல்லாம் ஆகஸ்டிலேயே ஒரு கவரில் போட்டுத் தயாராக இருக்கட்டும்.