காணி உறுதியை வீட்டிலேயே வையுங்கள் அக்கா, தம்பி அளக்கட்டும்

போன கிழமை உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா, மகனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க அவனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். தம்பி கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதியவன். இசட் புள்ளி பொறியியலுக்குக் காணாது, பௌதிக விஞ்ஞானத்துக்குத் தாராளமாகக் காணும். சுவிஸில் இருக்கும் மாமாவோ ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் எடுத்து, கொழும்பில் காசு கட்டியாவது அவனை எஞ்சினியராக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரருக்கு முன்னால் என்ன மரியாதை என்று கேட்கிறாராம். அதற்கு 35 இலட்சம் வேண்டும். நிலாவெளிக் காணியின் உறுதியை வங்கியில் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. அக்கா அழுதார். நானும் கொஞ்ச நேரம் "யோசிக்காதீர்கள், எல்லாம் சரிவரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறுதல் அவ்வளவு போதும். காணியை வைக்காதீர்கள் அக்கா. அது உங்களுக்குச் சீதனமாக வந்தது, நாளைக்கு மகளுக்குக் கொடுக்கவும் அதைத் தவிர உங்களிடம் வேறில்லை. மாமாவின் மரியாதைக்கு வட்டி கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள்தான்.

அப்புறம் தம்பியைக் கேட்டேன், படித்ததில் உனக்கு எது பிடிக்கும் என்று. வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: பாடசாலை ஆய்வுகூடத்தில் நுண்மானித் திருகுக் கணிச்சியின் (மெல்லிய தடிப்பை அளக்கும் கருவி) பூச்சிய வழு, அதாவது ஒன்றும் வைக்காமலே அது காட்டும் பிழை, காலையில் ஒன்றாகவும் மத்தியானம் இன்னொன்றாகவும் வருவதுபோலத் தெரிந்ததால் மூன்று நாள் தொடர்ந்து அளந்து எழுதினானாம், யாரும் கேட்காமலே. அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டும் வந்திருந்தான். அளக்கிற கருவியையே சந்தேகிக்கும் இந்தப் பழக்கத்தை முப்பது வயதில் வேலைக்குப் போய்க் கற்றுக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். இவனுக்கு இது தானாக வந்திருக்கிறது.

மென்பொருள், கணக்கியல், ஆசிரியத் தொழில் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்வது லேசரால் தூரம் அளக்கிற வேலை, அதிலும் வானியல் தலையீட்டுமானிகளுக்காக அளக்கிற வேலை. தள்ளித்தள்ளி வைத்த கண்ணாடிகளுக்கு வரும் நட்சத்திர வெளிச்சத்தை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் கருவிகள் அவை.

1920 இல் மைக்கல்சன், பீஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் வில்சன் மலையில், சுமார் 6 மீட்டர் இடைவெளியில் வைத்த கண்ணாடிகளின் வெளிச்சத்தை ஒன்றாகச் சேர்த்துத்தான் நம் திருவாதிரை நட்சத்திரத்தின் விட்டத்தை அளந்தார்கள். இன்றைக்கு அதே வேலையைச் சிலி நாட்டின் பரணால் மலையில் 8.2 மீட்டர் அகலமான நான்கு தொலைக்காட்டிகள் செய்கின்றன, ஒன்றுக்கும் மற்றதுக்கும் 130 மீட்டர் வரை தூரம். நட்சத்திர வெளிச்சம் எல்லாத் தொலைக்காட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை, பூமி சுழலச் சுழல அந்த வித்தியாசமும் மாறிக்கொண்டே போகும். முந்தி வரும் வெளிச்சத்தின் பாதையை நீட்டி அதை ஈடுசெய்ய நிலத்துக்கடியில் சுரங்கம் வெட்டித் தண்டவாளம் போட்டு, கண்ணாடி ஏற்றிய வண்டிகளை இரவு முழுக்க ஓட்டுகிறார்கள். வண்டி இருக்கும் இடம் ஒரு மைக்கிரோமீட்டருக்கும் குறைவான பிழையோடு தெரிய வேண்டும். அதைச் சொல்வது லேசர். கதிர் வண்டிக்குப் போய்த் திரும்பி வந்து மூலக்கதிரோடு சேரும்போது வெளிச்சமும் இருட்டும் மாறிமாறி வரும், சிவப்பு ஹீலியம் நியோன் லேசர் என்றால் வண்டி 316 நானோமீட்டர் நகர்ந்தால் ஒரு மாற்றம். அதை எண்ணிக்கொண்டே போவதுதான் அளவு.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கோணேசர் கோயில் வரை அடி எண்ணிக்கொண்டு நடக்கிறீர்கள், பாதியில் யாரோ கூப்பிட்டு எண்ணிக்கை விட்டுப்போனால் திரும்பவும் கோபுரத்திலிருந்துதானே தொடங்க வேண்டும்? கதிர் ஒரு கணம் மறைந்தாலும் அப்படித்தான். அதனால் சற்றே வேறுபட்ட இரண்டு அலைநீளங்களை ஒன்றாக அனுப்புகிறார்கள். இரண்டு தந்திகள் கொஞ்சம் சுருதி விலகும்போது கேட்கிற அடிப்பைப் போல, அவை சேர்ந்து ஒரு நீண்ட அலையைத் தரும், அதை வைத்து எண்ணாமலே தூரம் தெரியும். காற்றும் சும்மா விடாது. 100 மீட்டர் பாதையில் வெப்பநிலை ஒரு பாகை மாறினால் அளவு 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு விலகும். காலையில் ஒன்று, மத்தியானம் இன்னொன்று என்று தம்பியின் கொப்பியில் இருந்த கேள்வியும் இந்த வகைதான்.

இன்னொன்று. பரணாலில் பிறிமா என்றொரு கருவி இருந்தது, பெயர் நம்மூர் மா ஆலையின் பெயர்தான். 5 நானோமீட்டர் துல்லியத்தை இலக்காக வைத்த அதன் லேசர் அளவுமுறையை உருவாக்குவதில் சுவிஸின் நியூசாத்தல் பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு. மாமா இருக்கும் நாடு அக்கா! இதை அவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு வந்த கிராவிட்டி என்ற கருவி, 2018 இல் நம் பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையை எஸ்2 என்ற நட்சத்திரம் நெருங்கிக் கடந்தபோது அதைப் பின்தொடர்ந்தது. அதற்குள்ளும் பாதையை அளக்க ஒரு லேசர் ஓடுகிறது.

மறைக்காமல் சொல்கிறேன், இது சின்னத் துறை, உலகம் முழுக்க இடங்கள் குறைவு, நம் நாட்டில் அப்படியொரு தலையீட்டுமானி இல்லை. ஆனால் கைப்பழக்கம் வீண்போகாது. கணினி ஓட்டுகிற சிஎன்சி வெட்டு இயந்திரங்களைச் சரிபார்ப்பதும் சிலிக்கன் சில்லு செய்யும் இயந்திரங்களில் நிலை பார்ப்பதும் இதே முறையில்தான். நீளத்தின் தேசிய நியமத்தைப் பேண அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களமும் இங்கேயே இருக்கிறது.

வழி இதுதான்: அரச பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல், நாலு வருடச் சிறப்புப் பட்டம். படிப்புக்குக் கட்டணமில்லை, மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஒளியியலோடு இலத்திரனியலையும் நிரலாக்கத்தையும் விடக்கூடாது. மேலே போக ஆசைப்பட்டால் ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் கலாநிதி ஆய்வு செய்கிறவருக்குப் பெரும்பாலும் சம்பளம் கொடுத்தே வைத்திருப்பார்கள். யாராவது முகவர் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

பொறியியல் கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டவர் மாமா, தம்பி ஒரு தடவையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நாலு வருடம் அந்த வகுப்பில் இருக்கப்போகிறவன் அவன்.

அடுத்த கிழமை வரும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைக் கொண்டு வாருங்கள், விருப்ப ஒழுங்கை மூவரும் இருந்து எழுதுவோம். தம்பி, அந்தக் கொப்பியையும் எடுத்துவா, மூன்றாம் நாள் அளவுகளை நான் இன்னும் முழுக்கப் பார்க்கவில்லை.