முன் விறாந்தை

வணக்கம் ஐயா,

கொக்குவிலிலிருந்து எழுதுகிறேன். வயது இருபத்திரண்டு, ஓவியம் வரைகிறேன். கலை இயக்கங்கள் எல்லாம் பாரிஸ், நியூயோர்க் போன்ற பெருநகரங்களில்தான் பிறந்திருக்கின்றன. இங்கே படம் வாங்க ஆளில்லை. யாழ்ப்பாணத்தை நகரம் என்று சொல்லவே மனம் வரவில்லை. கொழும்புக்கோ சென்னைக்கோ போனால்தான் ஓவியராகலாமா? எண்ணெய் வர்ணம் நல்லதா, அக்ரிலிக் நல்லதா?

அன்புள்ள தம்பி,

எதை வாங்கக் கையில் காசு இருக்கிறதோ அதை வாங்கும்.

உம்முடைய கடிதம் வந்த கிழமை நானும் பாரிஸைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு ஓவியர் மொனே 1877இல் அங்குள்ள சன் லசார் ரயில் நிலையத்தின் புகையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தப் புகையை நகரம்தான் கொடுத்தது, சரி. ஆனால் அதே நிலையத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் ரயில் ஏறினார்கள். மொனேக்கு வாய்த்தது கூட்டாளிகள். அரச கண்காட்சியில் படம் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒரே கஃபேயில் கூடிச் சண்டை பிடித்தார்கள். 1874இல் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரு புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் தாங்களே கண்காட்சி வைத்தார்கள். கொழும்பின் '43 குழு' என்ற ஓவியர் குழுவும் 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடித்தான் தொடங்கியது. ஒரு வீட்டில், தம்பி.

1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்கு உம்முடைய வயது. நல்லூரில் ஓர் ஆசிரியர் வீட்டு முன் விறாந்தையில் பின்னேரங்களில் நாலு பேர் கூடுவோம். மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தல் விளக்கு ஒன்று, நாலு பேருக்கும் அதுதான். கடதாசி கிடையாது, பழைய அப்பியாசக் கொப்பியின் கோடுகளுக்கு மேலேயே அடுப்புக் கரியால் வரைவோம். அந்த வெளிச்சத்தில் முகத்தின் ஒரு பக்கம்தான் தெரியும், மற்றது இருட்டுக்குள் போய்விடும். சில மாதங்களில் பார்த்தால் நாலு பேருடைய படங்களிலும் பாதி முகம்தான். பகலில் வரைந்தாலும் பாதி முகம். யாரும் பேசி வைக்கவில்லை. ஆசிரியர் தாள்களைத் தரையில் பரப்பிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்கள் எல்லாரும் ஒரே ஊர்தானடா" என்றார்.

1995 ஒக்ரோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது தாள்கட்டு அந்த வீட்டிலேயே கிடந்துபோனது. திரும்பி வந்தபோது இல்லை. நாலு பேரில் ஒருவர் இன்று பாரிஸில்தான் இருக்கிறார். பதினைந்து வருடமாகத் தூரிகை தொடவில்லை. தொலைபேசி எடுத்தால் அந்த விறாந்தையைப் பற்றித்தான் கேட்பார்.

இந்த ஊரை நகரமில்லை என்று எழுத உமக்கு எப்படிக் கை வந்தது? ஓவியர் அ. மாற்கு இங்கே இருந்துதான் வரைந்தார், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். அவருடைய படம் ஒன்றையாவது பார்த்திருக்கிறீரா? மருதனார்மடத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சித்திரம் படிக்கிறார்கள். கொக்குவிலில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். ஒருநாளாவது போய் அவர்களோடு கதைத்தீரா?

கொழும்புக்குப் போக விருப்பமென்றால் போம், சென்னையையும் பாரும். நான் மறிக்கவில்லை. ஆனால் உம்முடைய நீண்ட கடிதத்தில் ஒரு கூட்டாளியைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. "இந்தக் கை பிழை, திரும்ப வரை" என்று சொல்ல உமக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு நாளாக எனக்கு அதே யோசனை.

சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாரும். என் வீட்டிலும் விறாந்தை இருக்கிறது. படங்களைச் சுருட்டாமல் கொண்டுவாரும். தனியே வராதேயும், வரைகிற இன்னொரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்.